இரண்டு இரவுத் தங்கலுக்குக் கெஸிக்கா, சர்ச் ஸ்ட்ரெட்டனா?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு சிறிய ஊரில் இரண்டு இரவு தங்கி, பகலெல்லாம் நடந்துவிட்டு வர வேண்டும் என்று யாரிடம் யோசனை கேட்டாலும், பெரும்பாலும் முதலில் வரும் பெயர் லேக் டிஸ்டிரிக்டில் இருக்கும் கெஸிக். நாங்களும் முதலில் அங்கேதான் போனோம். ஆனால் எங்களிடம் கார் இல்லை. பர்மிங்காமிலிருந்து ரயிலில் போய் ரயிலில் திரும்புகிறவர்கள். அந்த நிலையில் இரண்டு ஊர்களிலும் தங்கிப் பார்த்தபின், வார இறுதிப் பயணங்களுக்கு ஷ்ராப்ஷயரில் இருக்கும் சர்ச் ஸ்ட்ரெட்டன் என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. நண்பர்கள் பலர் காரணம் கேட்பதால், அதை விரிவாகவே எழுதுகிறேன்.

அழகு என்று மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை, கெஸிக்தான். ஊரின் விளிம்பிலேயே டெர்வென்ட்வாட்டர் ஏரி, வடக்கே 931 மீட்டர் உயரத்தில் ஸ்கிடா, ஏரிக்கு மேற்கே கேட்பெல்ஸ், கிழக்கே சற்றுத் தொலைவில் ஐயாயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் காஸில்ரிக் கல்வட்டம் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. யுனெஸ்கோ 2017இல் அந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. சர்ச் ஸ்ட்ரெட்டனில் ஏரி இல்லை. அதன் மிக உயர்ந்த இடமான போல் பேங்க் 516 மீட்டர்தான். படம் எடுப்பதற்காகவே போகிறவர்கள் தயங்காமல் கெஸிக்குக்குப் போகலாம்.

காட்ஸ்வோல்ட்ஸை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்ற கேள்வியும் வருவதுண்டு. தேன்நிறக் கல் வீடுகள் உள்ள அந்த ஊர்கள் கண்ணுக்கு இனியவை, ஆனால் அங்கே நடை என்பது பெரும்பாலும் வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே போவது. மேலே ஏறி நின்று நாலு திசையும் பார்க்க விரும்புகிற எங்களுக்கு அது போதவில்லை. தவிர, நடைக்குப் பேர்போன சிப்பிங் கேம்ப்டனுக்கும் கூட்டத்துக்குப் பேர்போன போர்டன்-ஆன்-த-வாட்டருக்கும் இன்று ரயில் நிலையம் கிடையாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் இந்த ரயில் நிலையம்தான். கெஸிக்குக்கு ஒருகாலத்தில் ரயில் இருந்தது. பென்ரித்திலிருந்து வந்த அந்தத் தடம் 1972இல் மூடப்பட்டது. இப்போது பென்ரித்தில் இறங்கி, பேருந்து பிடித்து, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் போக வேண்டும். முக்கால் மணி நேரம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கத் தோன்றும். ஒரு வாரம் தங்குகிறவர்களுக்கு அது பொருட்டே அல்ல. இரண்டு இரவுக்குப் போகிறவர்களுக்கோ, அந்தப் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம், அது வராமல் போனால் வரும் பதற்றம், கோடையில் சாலை நெரிசலில் நகரும் நேரம் எல்லாம் போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் சேர்ந்து, கையில் இருக்கும் மூன்று பகல்களில் இரண்டை அரைப் பகலாகக் குறைத்துவிடுகின்றன.

திரும்பும் நாளில்தான் இது அதிகம் உறைக்கும். முன்கூட்டியே வாங்கும் மலிவான ரயில் டிக்கெட்டுகள் குறிப்பிட்ட ஒரே ரயிலுக்கு மட்டும் செல்லுபடியாகும். அந்த ரயிலைத் தவறவிட்டால் பெரும்பாலும் புதிய டிக்கெட்தான் வாங்க வேண்டியிருக்கும். பேருந்து தாமதமாகலாம் என்ற அச்சத்தில் ஒரு பேருந்து முன்னதாகவே கிளம்புவோம். அதற்காக இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக அறைக்குத் திரும்புவோம். ஆகவே கடைசி நாள் காலையில் மலைப் பக்கமே போகாமல் ஊருக்குள் கடை பார்த்துக்கொண்டிருப்போம். குளிர்காலத்தில் இது இன்னும் கடுமை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் நாட்டில், நண்பகலுக்குப் பிறகு ஊர்போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு நடை என்பது கிடையாது.

சர்ச் ஸ்ட்ரெட்டனில் 1852இல் வந்த ரயில் இன்றும் ஓடுகிறது. ஷ்ரூஸ்பரியிலிருந்து லட்லோ வழியாக ஹெரிஃபோர்டுக்குப் போகும் தடத்தில் அது ஒரு நிறுத்தம். ஷ்ரூஸ்பரியிலிருந்து கால் மணி நேரம். பர்மிங்காமிலிருந்து வருகிறவர்கள் ஷ்ரூஸ்பரியில் ஒரே ஒருமுறை வண்டி மாறினால் போதும். மான்செஸ்டர், கார்டிஃப் பக்கம் இருப்பவர்களுக்கு நேரடி வண்டிகளும் உண்டு. லண்டனிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் வழியில் மாறியாக வேண்டும். ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சில நிமிடங்களில் கடைவீதி, அதைத் தாண்டினால் பர்வே சாலை. கால்நடைகள் தாண்டாதபடி சாலையின் குறுக்கே பதித்த இரும்புக் கம்பிகளைக் கடந்ததும் இயற்கை நிலங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் மேய்ச்சல் மேடு தொடங்கிவிடுகிறது. ரயிலை விட்டு இறங்கி அரை மணி நேரத்தில் கார்டிங் மில் பள்ளத்தாக்கின் ஓடைக்கரையில் நிற்கலாம். தங்கும் இடத்தில் பையை வைத்துவிட்டுப் போனாலும் அதே கணக்குத்தான். திரும்பும் நாளிலும் விடுதியில் பையை விட்டுவிட்டுக் காலையில் மலையேறி, பிற்பகல் வண்டியைப் பிடிப்பது சர்வ சாதாரணம். எந்த நேரத்து வண்டியிலும் ஏறக்கூடிய டிக்கெட்டை வாங்கிவிட்டால், ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததற்கு ஊருக்குள் தேநீர் குடித்தபடி காத்திருக்கலாம்.

இதற்கு அடுத்தபடியாக மனதில் நிற்பது ஊருக்கு மேற்கே இருக்கும் லாங் மிண்ட் மலையின் அமைப்பு. அது ஒரு கூர்முனைச் சிகரம் அல்ல. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு படுத்திருக்கும் ஒரு மேடு. அதன் கிழக்குச் சரிவில், ஊரைப் பார்த்தபடி, ஓடைகள் அறுத்த குறுகிய பள்ளத்தாக்குகள் வரிசையாக இறங்குகின்றன: கார்டிங் மில், டவுன்புரூக் ஹாலோ, ஆஷஸ் ஹாலோ, கேலோ ஹாலோ என்று. ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கலாம். எதில் இறங்கினாலும் ஊர்ப்பக்கம்தான் வந்து சேர்வோம். ஆகவே அன்றைய வானிலைக்கும் உடல்நிலைக்கும் தக்கபடி நடையை நீட்டவும் சுருக்கவும் முடிகிறது. கெஸிக்கில் ஊரிலிருந்தே நடக்கக்கூடிய லாட்ரிக், வால்லா கிராக் போன்ற நல்ல குன்றுகள் இல்லாமல் இல்லை. ஆனால் ஸ்கிடாவில் ஏறத் தொடங்கிவிட்டால் பாதியில் வேறு பக்கம் இறங்கி ஊர்சேரும் வசதி அவ்வளவாகக் கிடையாது; கேட்பெல்ஸுக்குப் படகிலோ பேருந்திலோ போனால் அவற்றின் நேரத்துக்கு நாம் கட்டுப்பட வேண்டும்.

நாங்கள் அடிக்கடி நடக்கும் சுற்று, கார்டிங் மில்லில் ஏறி ஆஷஸ் ஹாலோவில் இறங்குவது. மேலே போல் பேங்கில், சுற்றிலும் தெரியும் மலைகளின் பெயரையும் திசையையும் பொறித்த வட்டத் தகடு ஒன்று கல்மேடையில் இருக்கிறது. தெளிவான நாளில் அதில் விரலை வைத்து, மேற்கே வேல்ஸ் மலைகளையும் தெற்கே மால்வர்ன் குன்றுகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். ஆகஸ்டில் அந்த மேடு முழுவதும் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து ஊதாவாகிவிடும்; அதன் நடுவே கருநீலமாய்ச் சிறு பழங்கள் பழுத்திருக்கும், பறித்துத் தின்றால் நாக்கும் விரலும் நிறம் மாறும். குதிரைக் குட்டிகள் வழியை விட்டு நகர மனமில்லாமல் நின்று பார்க்கும். இறங்கும்போது ஆஷஸ் ஹாலோவில் பாதை ஓடையை மாறி மாறிக் கடக்கிறது. சில இடங்களில் ஈரப் பாறையில் கையூன்றித்தான் இறங்க வேண்டும். கீழே லிட்டில் ஸ்ட்ரெட்டனில் வைக்கோல் கூரை போட்ட ஒரு சிறிய தேவாலயம். அங்கிருந்து ஊருக்கு அரை மணி நேரச் சமதள நடை. நிதானமாக நடந்தால் முழுச் சுற்றுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு இந்த அமைப்பின் பயன் இன்னும் அதிகம். அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தபோது, முழங்கால் வலியோடு மேடேற முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார். கார்டிங் மில் பள்ளத்தாக்கின் அடியில் பாதை ஓரளவு சமமானது. தேநீர்க் கடை இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, குழந்தைகள் ஓடையில் கல் அடுக்கி அணை கட்டி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். அவர் அங்கே இருக்க, நாங்கள் மேலே போய்விட்டு வந்தோம். யாரும் யாருக்காகவும் தன் நாளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கெஸிக்கில் இதற்கு இணையானது டெர்வென்ட்வாட்டரின் படகுச் சவாரி. ஏரியைச் சுற்றி இறங்குதுறைகளில் நின்று நின்று போகும் அது அம்மா போன்றவர்களுக்கு மிக உகந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சர்ச் ஸ்ட்ரெட்டனின் கிழக்கே இருக்கும் குன்றுகள் வேறு வகை. கயர் கரடாக் 459 மீட்டர்தான், ஆனால் செங்குத்தானது. உச்சியில் இரும்புக் காலக் கோட்டையின் மண்மதில்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. மேற்கே இருப்பது படிவுப் பாறை, கிழக்கே இருப்பது எரிமலைப் பாறை. இரண்டுமே 55 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை, இடையே நிலப்பிளவு ஓடும் பள்ளத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் மேற்கு, மறுநாள் கிழக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டு நாளும் வெவ்வேறு நாடுகளில் நடந்த நிறைவு கிடைக்கிறது.

இனி குறைகள். சாப்பாட்டில் சர்ச் ஸ்ட்ரெட்டன் பின்தங்கியதுதான். பிற்பகல் முடிவதற்குள் பல கடைகள் மூடிவிடும். இரவில் சைவம் வேண்டுமென்றால் தேர்வு மிகக் குறைவு. அதனால் சமையலறை உள்ள வாடகை வீட்டையே எடுக்கிறோம். ஊரில் இருக்கும் சிறிய சூப்பர்மார்க்கெட்டில் அரிசியும் பருப்பும் காய்கறியும் கிடைக்கும், புளியும் சாம்பார் பொடியும் வீட்டிலிருந்தே வரும். ஊரை ஒட்டி ஏ49 நெடுஞ்சாலை போகிறது; கயர் கரடாக்கின் பாதி உயரம் வரை லாரிகளின் இரைச்சல் கூடவே வரும். பகல் முழுவதும் மழை கொட்டினால் ஒதுங்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை. கெஸிக்கில் பென்சில் அருங்காட்சியகம், ஏரிக்கரை நாடக அரங்கம், சினிமா, நடைக்கான சாமான்கள் விற்கும் கடைகள் என்று ஒரு நாள் முழுக்கப் போகும்.

ஆனால் அங்கே அவை எல்லாம் தேவையாகவும் இருக்கின்றன. கெஸிக்குக்குத் தெற்கே பாரோடேலில் உள்ள சீத்வெயிட்தான் இங்கிலாந்திலேயே மக்கள் வசிக்கும் இடங்களில் மிக அதிக மழை பெறுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர். கெஸிக்கில் அவ்வளவு இல்லை என்றாலும், ஸ்கிடாவின் தலை மேகத்துக்குள் மறைந்தே இருந்த நாட்களைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம். ஷ்ராப்ஷயர் குன்றுகளுக்கு மேற்கே வேல்ஸ் மலைகள் நின்று மழையின் பெரும் பங்கை வாங்கிக்கொள்கின்றன. நாங்கள் கெஸிக்கில் குளிர்காலத்தில் தங்கியதில்லை. ஆகவே பனிக்காலத்து ஒப்பீட்டுக்கு என் சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

உயரம் குறைவு என்பதால் லாங் மிண்டை இலேசாக எண்ணிவிடவும் கூடாது. 1865 ஜனவரியில், டொனால்ட் கார் என்ற பாதிரியார் மலைக்கு அப்பால் உள்ள ராட்லிங்ஹோப்பில் வழிபாடு நடத்திவிட்டுத் திரும்பும்போது பனிப்புயலில் சிக்கி, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் வழிதெரியாமல் அலைந்து உயிர் தப்பினார். வழக்கமாகப் போய்வரும் வழியிலேயே அவருக்கு அது நேர்ந்தது. மேட்டின் தலை தட்டையாக இருப்பதால் மூடுபனி இறங்கினால் எந்தப் பக்கம் எந்தப் பள்ளத்தாக்கு என்றே தெரியாது. 1:25,000 அளவிலான ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தைத் தாளாகவே கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பச்சைக் கோடுகள் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளைக் காட்டும். பள்ளத்தாக்குகளுக்குள் கைபேசியை மட்டும் நம்ப முடியாது.

கார் இருப்பவர்களுக்கு இந்த வாதத்தின் பாதி பலம் போய்விடும். ஐந்து இரவுக்கு மேல் தங்க முடிகிறவர்களுக்கும் நான் கெஸிக்கைத்தான் சொல்வேன். அவ்வளவு நாளில் இரண்டு நாள் மழையில் போனாலும் மீதி நாட்கள் ஈடுகட்டிவிடும், பாரோடேலுக்குப் போகும் பேருந்தும் படகும் பழகிவிடும். வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டியவர்கள் சர்ச் ஸ்ட்ரெட்டனில் நிலையத்துக்கும் பர்வே சாலைக்கும் இடையே அறை பாருங்கள். ஹெதர் பூக்கும் ஆகஸ்டில் வருவதானால் சில மாதங்கள் முன்பே பதிவு செய்துவிடுங்கள். வார இறுதிக்கு ஒரே ஒரு இரவு மட்டும் கொடுக்கப் பல விடுதிகள் சம்மதிப்பதில்லை என்பதால், வெள்ளி, சனி இரண்டு இரவையும் சேர்த்தே கேளுங்கள்.