1,13,280 ரூபாய் போச்சு: ஸ்பிரிங் ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரு பீன்யாவில் சின்ன யூனிட் வைத்திருப்பவர்கள், பொம்மசந்திரா, ஓசூர் பக்கம் ஃபிக்ஸ்சர் (வேலைப்பொருளை அசையாமல் பிடிக்கும் சாதனம்) வேலை எடுப்பவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதைப் படியுங்கள். 1,13,280 ரூபாய் கட்டி 6,000 கம்ப்ரெஷன் ஸ்பிரிங் (அமுக்கினால் திருப்பித் தள்ளும் வகை) வாங்கினேன். ஒன்றுகூட வேலைக்கு ஆகாது. பணம் திரும்ப வராது என்று இன்று காலைதான் கடைசி பதில் வந்தது. அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். ஸ்பிரிங் வந்தால் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் ஒரு ஆன்லைன் தளம். பெயர் வேண்டாம். ஒரு பொருளைத் தேடினால் போதும், பத்து பேர் போன் செய்வார்கள். அதில் ஒருவர் தமிழில் பேசினார். பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட உற்பத்தியாளர்' என்று முத்திரை.

எனக்கு வேண்டியது ஒரு கிளாம்ப்பைப் பின்னால் தள்ளும் ஸ்பிரிங். 2.5 மி.மீ. ஒயர், ஸ்பிரிங் ஒயருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4454 முதல் பாகத்தில் வரும் டி.ஹெச். கிரேடு, அவுட்டர் டயா (வெளிவிட்டம்) 22.5, ஃப்ரீ லெங்த் (அமுக்காதபோது உயரம்) 60, ஆக்டிவ் காயில் (அமுங்கி வேலை செய்யும் சுற்று) எட்டு, மேலே ஜிங்க் பிளேட்டிங். டிராயிங்கில் எல்லாம் தெளிவாக இருந்தது.

அந்த ஆள் பேசிய பேச்சைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நாளைக்கு உங்களிடமும் அப்படித்தான் பேசுவான். விலையை முதலில் பேசவே இல்லை. "அண்ணே, ரெண்டு பக்கமும் க்ளோஸ் பண்ணி கிரைண்ட் பண்ணணும், அப்போ டெட் காயில் ரெண்டு, மொத்தம் பத்து, சாலிட் லெங்த் இருபத்தஞ்சு. சரிதானேண்ணே?" சரி. டெட் காயில் என்றால் இரு முனையிலும் அமுங்காத சுற்று, சாலிட் லெங்த் என்றால் சுற்றுகள் ஒன்றையொன்று தொடும்வரை அமுக்கிய உயரம். "மீன் டயா இருபது, ஒயர் ரெண்டரை, இண்டெக்ஸ் எட்டு. நாலுக்குக் கீழ போனாத்தான் மெஷின் திணறும், பன்னண்டுக்கு மேல போனா ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். உங்களுது நல்ல சைஸுண்ணே." அதுவும் சரி. மீன் டயா என்பது வெளிவிட்டத்தில் ஒயர் தடிமன் போக மிச்சம், அதை ஒயர் தடிமனால் வகுத்தால் இண்டெக்ஸ். அப்புறம் கேட்டான்: "ஸ்பிரிங் ராடு மேல ஓடுதா, ஓட்டைக்குள்ள உக்காருதா? அமுங்கும்போது அவுட்டர் டயா கொஞ்சம் விரியுமே, அதான் கேக்கறேன்."

வெறும் புரோக்கர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான். பல வருஷமாக எனக்குச் சப்ளை செய்தவர்கள்கூட இதைக் கேட்டதில்லை. அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது.

கடைசியாக அவனே எடுத்துச் சொன்னது இது: "பிளேட்டிங் பண்ணினா ஸ்டீலுக்குள்ள ஹைட்ரஜன் ஏறிடும்ண்ணே. நாலு மணி நேரத்துக்குள்ள ஓவன்ல போட்டு இருநூறு டிகிரில மணிக்கணக்கா வைப்போம். இல்லைன்னா லோடுல இருக்கும்போது தானா உடைஞ்சிடும்." அட்சரம் பிசகாத உண்மை. டி.ஹெச். போன்ற வலுவான ஒயருக்கு ஓவனில் சுடும் இந்த பேக்கிங் கண்டிப்பாக வேண்டும். இதெல்லாம் தெரியாமல் ஒருவன் கெடுத்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. இவன் எல்லாம் தெரிந்தே செய்தவன்.

சாம்பிள் வந்தது. 40 மி.மீ. உயரத்துக்கு அமுக்கினால் 120 நியூட்டன், அதாவது பன்னிரண்டு கிலோ சொச்சம் வர வேண்டும். சரியாக வந்தது. ஒரு ஸ்பிரிங் 16 ரூபாய், 6,000 ஸ்பிரிங்குக்கு 96,000, பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. 17,280. மொத்தம் 1,13,280. பாதி முன்பணம். மூட்டை கட்டிய போட்டோவும் ஒயர் மில் சர்ட்டிஃபிகேட்டும் (கம்பி ஆலை தரும் தரச்சான்று) வந்த பிறகு மீதி.

சரக்கு வந்தது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அதே அவுட்டர் டயா, அதே உயரம், அதே பத்து சுற்று, பளபளவென்று ஜிங்க். மாட்டினால் கிளாம்ப் பாதி வழியில் நிற்கிறது. லோடு டெஸ்டில் வைத்தால் எட்டரை கிலோ. பிளேட்டிங்கைச் சுரண்டி மைக்ரோமீட்டர் வைத்தேன்: 2.3. அடுத்த மூட்டையிலும் 2.3.

வெறும் 0.2 மி.மீ.தானே என்று நினைக்காதீர்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு ஒயர் டயாவின் நான்காம் அடுக்கில் போகிறது. 2.3-ஐ 2.5-ஆல் வகுத்து வருவதை நான்கு முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள், 0.72தான் வரும். அவுட்டர் டயாவை மாற்றாமல் ஒயரை மட்டும் ஒல்லியாக்கியதால் மீன் டயாவும் கொஞ்சம் கூடிவிடுகிறது, அதில் இன்னும் குறைகிறது. ஆக மொத்தம் முப்பது சதவீதம் போச்சு. இதில் அவனுக்கு மிச்சமான கம்பி எவ்வளவு? ஒரு ஸ்பிரிங்குக்கு மூன்றரை கிராம். 6,000-க்கும் சேர்த்து இருபது கிலோ சொச்சம். அந்த இருபது கிலோவுக்காக யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். வேறு யாரோ திருப்பியனுப்பிய சரக்கு என் தலையில் கட்டப்பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இது போதாதென்று, அசெம்பிள் செய்து அமுக்கிய நிலையில் ராக்கில் வைத்திருந்தவற்றில் சில, காலையில் வந்து பார்த்தால் இரண்டு துண்டு. யாரும் தொடவில்லை. அவன் போனில் சொன்னானே, அதே உடைசல். ஓவன் பக்கமே போகாத சரக்கு. லைனில் கை வைத்து வேலை பார்க்கும் ஒருவர் முகத்தில் அந்தத் துண்டு தெறித்திருந்தால்?

போன் செய்தேன். "உங்க மைக்ரோமீட்டரை கடைசியா எப்போ கேலிபரேட் பண்ணீங்க?" என்று கேட்டான். அண்ணே போய்விட்டது, சார் ஆகிவிட்டேன். அடுத்து, பிளேட்டிங் போட்டவன் தப்பு என்றான். அப்புறம், நாங்கள் சாலிட் வரை அமுக்கியதால் ஸ்பிரிங் செட் ஆகிவிட்டது (நிரந்தரமாகச் சுருங்கிவிட்டது) என்றான். செட் ஆனால் ஃப்ரீ லெங்த் குறையும், இங்கே அறுபது அப்படியே இருக்கிறது என்றேன். லைன் கட். சர்ட்டிஃபிகேட்டில் 2.50 என்று இருக்கிறதே என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

தளத்தைக் கூப்பிட்டால் "நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்கிறோம், பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பில்லை" என்கிறார்கள். அப்படியானால் சரிபார்த்தது எதை? அதற்கும் பதில் இல்லை. புகாரை முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் அதே தளத்திலிருந்து வருடச் சந்தா கட்டச் சொல்லி ஒரு பெண் போன் செய்கிறார்! போலீஸ் ஸ்டேஷனில் "பொருள் வந்துவிட்டதே சார், இது சிவில்" என்றார்கள். தொழிலுக்காக வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் நீதிமன்றத்தில் நிற்பதும் கஷ்டம் என்கிறார் வக்கீல். 1,13,280 ரூபாய். என்னிடம் வேலை செய்பவர்களின் சம்பளப் பணம் அது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், கஸ்டமர் மாறி மாறிக் கூப்பிடுகிறார். அவசரமாகச் சில மட்டும். சாம்பிள் நன்றாக இருக்கிறது என்பதற்காக மீதிப் பணத்தை விடாதீர்கள். வந்த லாட்டிலிருந்து (மொத்தச் சரக்கிலிருந்து) நீங்களே எடுத்த ஸ்பிரிங் லோடு டெஸ்டில் தேறிய பிறகுதான் பணம். பர்சேஸ் ஆர்டரில் எந்த உயரத்தில் எத்தனை நியூட்டன், எவ்வளவு டாலரன்ஸ் (எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம்) என்று எழுதுங்கள், பிளேட்டிங்குக்குப் பின் ஓவனில் பேக்கிங் செய்த ரெக்கார்டு கேளுங்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அவர்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நான் இப்போதுதான் பார்த்தேன்: உற்பத்தி என்றே இல்லை, மொத்த வியாபாரம் என்று இருக்கிறது. அவன் வீடியோவில் காட்டிய, கம்பியைச் சுற்றும் காயிலிங் மெஷின் யாருடையதோ.

பீன்யா, ராஜகோபால்நகர் பக்கம் டி.ஹெச். ஒயரில் ஒழுங்காக காயில் போட்டு, ஓவனும் சொந்தமாக வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். 6,000 ஸ்பிரிங் அவசரமாக வேண்டும்.