ஏழு செப்டம்பர், ஒரு வில், கொஞ்சம் நடுக்கம்

2019 செப்டம்பரில், 22 கஜத்தில் பக்கவாட்டில் நின்ற ஓர் ஆண் எல்க்கின் (பெரிய மான் வகை) மேல் நான் விட்ட அம்பு, அதன் முதுகுக்கு மேலே போய் ஓர் ஆஸ்பென் மரத்தில் குத்தி நின்றது. 22 கஜம் என்பது எங்கள் வீட்டு வாசலுக்கும் தபால் பெட்டிக்கும் உள்ள தூரம். கொல்லைப்புறத்தில் அதே தூரத்திலிருந்து 6 அம்பு விட்டால் ஆறும் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கும். எல்க்கின் உடம்பில் நாம் குறி வைக்க வேண்டிய இடமோ சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. மரத்தைக் கத்தியால் நோண்டி அம்பை எடுத்துக்கொண்டிருந்தபோது யோசித்துப் பார்த்தேன்: வில்லில் குறி பார்க்க இருக்கும் சைட்டின் பச்சைப் புள்ளியை எங்கே வைத்தேன்? நினைவில்லை. கொம்பு மட்டும் நன்றாக நினைவிருந்தது.

2018 கோடையில் வாங்கிய அதே வில்லைத்தான் 2024 வரை 7 செப்டம்பர்கள் மலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "வில் எப்படி, வாங்கலாமா?" என்று கேட்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வில்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும்.

நான் இருப்பது அமெரிக்காவில், கொலராடோவின் வடபகுதியில். இங்கே செப்டம்பர் வில்வேட்டை மாதம், எல்க்குகளுக்கு இணை சேரும் மாதமும் அதுதான். எல்க் பார்த்திராதவர்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மிளாவின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். அந்த உடம்பிலிருந்து வரும் சத்தம் மட்டும் புல்லாங்குழலை யாரோ மூச்சுமுட்ட ஊதியது போல மெல்லியதாக, உச்சியில் கிறீச்சிட்டு முடியும். முதல் தடவை கேட்டபோது ஏதோ பறவை என்றுதான் நினைத்தேன்.

வில் காம்பவுண்டு வகை. பிராண்டு சொல்லவில்லை, ஏனென்றால் அந்த விலையில் கிடைக்கும் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான். இழுவிசையை முதலில் 65 பவுண்டில் வைத்திருந்தேன். கொலராடோ சட்டம் கேட்பது குறைந்தது 35. விடியற்காலைக் குளிரில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு 65-ஐ இழுத்துப் பாருங்கள், வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி முக்க வேண்டியிருக்கும். அந்த அசைவு போதும், மான் ஓடிவிடும். இரண்டாம் வருஷமே 58-க்கு இறக்கினேன். இறக்கியதால் எந்த மானும் தப்பவில்லை. நாணை இதுவரை இரண்டு முறை மாற்றியாயிற்று. நாணில் கண்ணுக்கு நேரே வரும் பீப் என்ற சின்ன வளையம் ஒருமுறை முறுக்கிக்கொண்டது. முழுக்க இழுத்த பிறகு அதன் வழியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, எதிரே ஒரு மான் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து ஜூன் மாதமே நாணைக் கடைக்காரரிடம் காட்டிவிடுவேன். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குவதாக இருந்தால் சரிவைக் கணக்கில் எடுப்பதாக வாங்குங்கள். 30 டிகிரிச் சரிவில் கீழே 40 கஜத்தில் நிற்பதை 35 என்று நினைத்து அடிக்க வேண்டும்.

வில்லைப் பற்றி அவ்வளவுதான். 10-க்கு 8 மார்க்.

காம்பவுண்டு வில்லை மிசூரியைச் சேர்ந்த ஹோலெஸ் வில்பர் ஆலன் என்பவர் உருவாக்கி 1969-இல் காப்புரிமை வாங்கினார். சாதாரண வில்லில் இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போகும், முழுக்க இழுத்ததும் விட்டே ஆக வேண்டும். இதில் ஓரங்களில் இருக்கும் சக்கரங்கள் உருண்டு முடிந்ததும் கனம் பொசுக்கென்று விழுந்துவிடும். 58 பவுண்டு இழுத்தவன் கையில் 12 பவுண்டுக்குள்தான் நிற்கும். அதனால் இழுத்தபடியே அரை நிமிஷம்கூட நிற்கலாம். பெரிய வசதி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். பயப்படுவதற்கும் அதே அரை நிமிஷம் கிடைக்கிறது என்பது காட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

இதை இங்கே 'பக் ஃபீவர்' என்பார்கள், மான் காய்ச்சல். அட்ரினலின் ஏறும், நெஞ்சு காதுக்குள் அடிக்கும், முழங்கால் ஆடும், பார்வை ஒரு குழாய்க்குள் போனது போலச் சுருங்கும். பெரிய தசைகள் எப்படியோ வேலை செய்யும், விரல் நுனிதான் சொன்ன பேச்சைக் கேட்காது. நாணைப் பிடித்து இழுத்து விடுவதற்கு ரிலீஸ் என்று ஒரு சின்னக் கருவி உண்டு, அந்த விரல் நுனியில்தான் அதன் விசை இருக்கிறது. பச்சைப் புள்ளி நெஞ்சுப் பக்கம் வந்தால் போதும், 'இப்போது!' என்று விரல் தானாகவே படக்கென்று தட்டிவிடும். தட்டும்போது கை முழுக்க ஒரு குலுங்கு குலுங்கும். இது பழகிவிட்டால் கொல்லைப்புறத்துப் பலகைக்கு முன்னாலும் வரும். அப்போது அதற்குப் பெயர் டார்கெட் பானிக்.

துரோணர் கதையை நம் எல்லோருக்கும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை, பறவையின் கண் மட்டும்தான் தெரிகிறது என்று அர்ச்சுனன் சொன்ன கதை. எனக்கு எத்தனை பேர் அதை வாட்ஸாப்பில் அனுப்பியிருப்பார்கள்! மரத்தில் இருந்தது செய்து வைத்த பொம்மைப் பறவை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எதிரே உயிருள்ளவர்கள் வந்து நின்ற நாளில் அதே அர்ச்சுனனுக்கு உடம்பு நடுங்கி, வாய் உலர்ந்து, காண்டீவம் கையிலிருந்து நழுவியது. அவன் காரணம் வேறு, என் காரணம் வேறு. ஆனாலும் வாய் உலர்வது எனக்குத் தெரியும்.

2020-தான் மோசமான வருஷம். 30 கஜத்தில் ஒரு பெண் எல்க். விரல் தட்டியது, அம்பு ஒரு சாண் முன்னால் போய்த் தோள்பட்டை எலும்பில் பட்டது. எலும்பில் பட்ட சத்தம் தனி, பலகையில் கல் எறிந்த மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு ரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்தேன். முதலில் அடிக்கொரு துளி, பிறகு பத்தடிக்கு ஒன்று. விழுந்துகிடந்த ஒரு மரத்தைத் தாண்டியதும் ஒன்றுமே இல்லை. அன்று இருட்டும்வரை தேடினேன், மறுநாளும் தேடினேன். கிடைக்கவில்லை. தவறவிட்டால் அம்புதான் நஷ்டம். இது அப்படி இல்லை. வீட்டுக்கு வந்து வில்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். "ஏங்க, நிஜமாவே விட்டுடப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள். அவள் குரலில் கொஞ்சம் சந்தோஷமும் தெரிந்தது.

பூட்டைத் திறக்க வைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓய்வு பெற்ற பிளம்பர், 40 வருஷமாக வில்வேட்டைக்குப் போகிறவர். கேட்டு முடித்ததும் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தன் ஷெட்டிலிருந்து ஒரு ஹிஞ்ச் ரிலீஸை எடுத்து நீட்டினார். அதில் விசையே கிடையாது. முதுகுத் தசையால் இழுக்க இழுக்க, கைக்குள் அது மெல்லத் திரும்பி, எப்போது விடுகிறது என்று நமக்கே தெரியாமல் விடும். தட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் தட்ட முடியாது. "மூன்று மாதத்துக்கு வைக்கோல் கட்டுக்கு முன்னால் ஆறடியில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு விடு. இலக்கே வேண்டாம்" என்றார்.

சலிப்பு என்றால் அப்படி ஒரு சலிப்பு. முதல் வாரமே பாதி இழுப்பில் அது விட்டுவிட, என் முஷ்டியே என் உதட்டில் வந்து குத்தியது. மறுநாள் அலுவலக மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைத்தேன். ஆனால் இந்த 7 வருஷத்தில் செலவழித்ததில் உண்மையாகவே பலன் தந்த ஒரே சாமான் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். இப்போதும் ஜனவரியிலிருந்து ஜூலைவரை அதிலேயே பழகுகிறேன். காட்டுக்கு மட்டும் கட்டைவிரல் விசை வைத்த ரிலீஸ், கொஞ்சம் கடினமாக முடுக்கி வைத்தது. குளிரில் கை விறைத்திருக்கும்போது ஹிஞ்ச்சை நம்பிப் போக எனக்குத் தைரியமில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம், பச்சைப் புள்ளியை வைத்த பிறகு மனசுக்கு ஒரு வேலை கொடு, ஏதாவது ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இழு என்பது. வேலை கொடுக்காவிட்டால் அது தானாகவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளுமாம். முதலில் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், நாலு நாளில் வெறும் சத்தமாகிவிட்டது. அப்புறம் ஒருநாள் வைக்கோல் கட்டுக்கு முன்னால் நிற்கும்போது, சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கிணறு ஞாபகம் வந்தது. வாளியை நான் வெடுக்வெடுக்கென்று இழுப்பேன், பாதித் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே கொட்டிவிடும். "சிந்தாம இழுடா" என்பாள் அப்பத்தா. அவ்வளவுதான். அன்றிலிருந்து அதுதான் என் வாக்கியம். சிந்தாம இழு, சிந்தாம இழு. மூன்றாவது தடவை சொல்லும்போது பெரும்பாலும் அம்பு போயிருக்கும்.

வேறு சிலவும் செய்து பார்த்தேன். மேடேறி ஓடிவிட்டு, மூச்சிரைக்க நின்று அம்பு விடச் சொல்வார்கள். மூச்சுக்கு நல்லது, பயத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஓடி வந்த நெஞ்சு அடிப்பது வேறு, எல்க்கைப் பார்த்த நெஞ்சு அடிப்பது வேறு. அதைவிட உதவியது ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா. அங்கே வேட்டை கிடையாது. செப்டம்பர் மாலைகளில் மொரெய்ன் பார்க் புல்வெளிக்கு எல்க்குகள் இறங்கி வரும், ஜனங்கள் நாற்காலி போட்டுப் பார்ப்பார்கள். நான் பைனாகுலரில் ஓர் ஆணை எடுத்துக்கொண்டு, முன்னங்காலுக்குப் பின்னால் ஒரே ஒரு முடிக்கற்றையைத் தேடுவேன். கொம்பைப் பார்க்காமல் அந்தக் கற்றையை மட்டும் ஐந்து நிமிஷம் பார்க்க முடிகிறதா என்பதுதான் பயிற்சி. முதல் வருஷம் ஐந்து விநாடிகூடத் தாங்கவில்லை.

2021-இல் ஒரு பெண் மியூல் மான் (எல்க்கைவிடச் சிறியது), அடுத்த வருஷம் இன்னொன்று. கொம்பில்லாததில் தொடங்கு என்று பெரியவர்தான் சொன்னார், நல்ல யோசனை. 2023-இல், மலையின் வடக்குச் சரிவில், ஓர் ஆண் எல்க்.

சாயங்காலம் 6 மணி இருக்கும். பகலெல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்த காற்று வெயில் சாய்ந்ததும் திரும்பிக் கீழே இறங்க ஆரம்பித்தது. என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது முகத்தில் பட்டது. எல்க்கிடம் கண்ணையும் காதையும் ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. காற்று திரும்பாவிட்டால் அது வந்தே இருக்காது. பார்ப்பதற்கு முன் நாற்றம்தான் வந்தது, சேறும் மூத்திரமும் கலந்த நாற்றம். பிறகு ஸ்புரூஸ் கிளைகளுக்கு நடுவே பழுப்பாக ஒரு துண்டு. தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்த நேரம் பார்த்து வில்லை இழுத்தேன். பெண் எல்க் போல ஒருமுறை வாயால் குரல் கொடுத்ததும் நின்றது. 28 கஜம். விலாவில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது, அதில் ஒரு விரிசல். அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டே கிணற்றில் இழுத்தேன்.

அம்பு போனது எனக்கே ஆச்சரியம். ஈரத் துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி ஒரு சத்தம். இலைகளில் இளஞ்சிவப்பாக, குமிழோடு ரத்தம் இருந்தது, அப்படியென்றால் நுரையீரல். கருஞ்சிவப்பென்றால் கல்லீரல், நான்கைந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சையாக நாற்றமடித்தால் குடல், இன்னும் அதிகம். இது 80 கஜத்துக்குள் விழுந்து கிடந்தது. ஆனாலும் 40 நிமிஷம் கழித்துத்தான் எழுந்து போனேன். அதில் முதல் 20 நிமிஷம் எழுந்திருக்கவே முடியவில்லை என்பது வேறு விஷயம்.

எலும்பு நீக்கி 80 கிலோ கறி. மூன்று பேர், இரண்டு நடை. உண்ணக்கூடிய கறியைக் காட்டில் விட்டு வருவது இங்கே சட்டப்படி குற்றம். மான்களுக்கும் எல்க்குகளுக்கும் வரும் மூளை நோய் ஒன்று உண்டு, 1967-இல் முதன்முதலில் கவனிக்கப்பட்டதே இங்கே ஃபோர்ட் காலின்ஸில்தான். அதனால் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை கறியைத் தொடமாட்டோம். வந்த பிறகு மிளகு சுக்கா. கொழுப்பே இல்லாத கறி, வெள்ளைச் சவ்வை முழுக்கச் சீவி எடுக்க வேண்டும், நல்லெண்ணெய் தாராளமாக விட வேண்டும். மனைவி வேட்டையை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, சுக்காவை ஏற்றுக்கொண்டாள்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதெல்லாம் குற்றம், அது அப்படியே இருக்கட்டும். இங்கே நிலைமை வேறு. எல்க்குகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, உரிமமும் காலமும் எண்ணிக்கையும் அரசு வகுத்தது. வில்லின் விலையிலேயே வனவிலங்குப் பாதுகாப்புக்கென்று 11 சதவீத வரி சேர்ந்திருக்கிறது. அதையும் மீறி மனசு ஒப்பவில்லை என்றால் வாங்காதீர்கள். பலகைக்கு முன்னால் நிற்பதே நல்ல பொழுதுபோக்கு.

வாங்குவதாக இருந்தால் என் கணக்கு இது. வில்லுக்குச் செலவழிக்க நினைத்ததில் கால்வாசியைக் குறைத்து, அதை ஹிஞ்ச் ரிலீஸுக்கும் ஒரு நல்ல ஆசிரியருக்கும் கொடுங்கள். கொல்லைப்புறத்தில் 60 கஜம் அடியுங்கள், காட்டில் 35-ஐத் தாண்டாதீர்கள். நான் விடும் அம்பு 40 கஜம் போக அரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கிறது. நாணின் சத்தம் அதற்கு முன்பே மானின் காதுக்குப் போய்விடும், அதற்குள் அது குனிந்துவிடும். இழுத்த வில்லை அம்பு விடாமல் மெல்ல இறக்குவதையும் பழகுங்கள். அதைச் சொல்லித்தர யாரும் மெனக்கெடுவதில்லை, கையும் தோளும் அதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

2024 செப்டம்பரில், கடைசி ஞாயிற்றுக்கிழமை. 2019-இல் தவறவிட்டதைவிடப் பெரிய ஆண், 26 கஜம். நெஞ்சை என் பக்கம் திருப்பி நின்றது. அந்த நிலையில் முன்னால் இருப்பது தோள் எலும்பு. இழுத்துவிட்டேன், பச்சைப் புள்ளி அதன் மேல்தான் இருந்தது. திரும்பும் என்று காத்திருந்தேன், திரும்பவில்லை. கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே வில்லை மெல்ல இறக்கினேன். அது என்னைப் பார்த்தது, மூக்கை உயர்த்தியது, அவசரமில்லாமல் மேட்டைத் தாண்டிப் போனது. அதற்கப்புறம்தான் நடுக்கம் வந்தது. அம்பை அம்புக்கூட்டில் திரும்பச் செருக மூன்று தடவை முயன்றேன்.