குளக்கட்டருகே ஒரு மன அமைதிப் பயிற்சி

கிளிநொச்சியின் இரணைமடுக் குளக்கட்டருகே சனிக்கிழமை காலைகளில் நடைபெறும் மன அமைதிப் பயிற்சி வகுப்புக்கு நான்கு வாரங்கள் சென்று வந்தேன். கண்ணில் படும் 5 பொருள்கள், தொட்டு உணரக்கூடிய 4, காதில் விழும் 3 ஒலிகள், 2 மணங்கள், 1 சுவை என ஐம்புலன்களையும் வரிசையாக எண்ணச் செய்து, அலையும் மனத்தை இருக்கும் இடத்துக்கே திருப்பும் முறைதான் இங்கு முதன்மையானது. முதல் வாரம் மண்டபத்துக்குள் செயற்கையாகத் தோன்றிய இதே பயிற்சி, மருதமர நிழலில் வெறுங்காலுடன் ஈரமண்ணில் நின்று, குளத்துக் காற்று முகத்தில் பட, அதைச் செய்தபோது இயல்பாகவே கைகூடியது. கண்களை மூடும்படி எவரையும் வற்புறுத்தாதது, 2009 இறுதிப் போரின் நினைவுகளைச் சுமப்போர் வாழும் எங்கள் ஊருக்கு மிகப் பொருத்தம். கண்மூடினால் சிலருக்குப் பதற்றம் கூடும். பயிற்றுநர் இடைவிடாது பேசுவது குறையே. முழங்கால் வலியுள்ளவர்களுக்குக் கதிரையும் இல்லை. என் அம்மா தேநீர்க் கடை வாங்கிலில் அமர்ந்தே எண்ணி முடித்தார்.