புழுவின் வயிற்றில் ஓர் அசையாக் கோல்: மாயப் பொருள் சீட்டுக்கட்டு மதிப்பீடு

கதாபாத்திரங்களை ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் வரும் மாயப் பொருள்களைச் சீட்டுக்கு ஒன்றாக அச்சிட்ட கட்டொன்றை எங்கள் குழு மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறது. விதிநூலைப் புரட்டும் வேலை குறைந்தது உண்மைதான். ஆனால் பொருளின் விவரம் கையிலேயே இருப்பதால், ஆட்டக்காரர்கள் அதை வரிவரியாகப் படித்து எதிர்பாராத பயன்களைக் கண்டுபிடிப்பதே இதன் பெரிய ஆதாயம்.

பொத்தானை அழுத்தியதும் அந்தரத்தில் நின்றுவிடும் அசையாக் கோல் 8,000 பவுண்டு எடை வரை தாங்கும். பலரும் அதைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகவே பயன்படுத்துவார்கள். எங்கள் நண்பரோ, ஆட்டத்தில் தம்மை விழுங்கிய ஊதாப் புழு என்ற ராட்சத மிருகத்தின் வயிற்றுக்குள் அதை நிறுத்திவிட்டார். கோலை நகர்த்த வலிமைச் சோதனையில், அதாவது பகடையில் விழும் எண்ணையும் வலிமைக் கூட்டெண்ணையும் கூட்டினால், 30 வேண்டும். புழுவின் வலிமைக் கூட்டெண் 9 என்பதால், இருபது முகப் பகடையில் 20 விழுந்தாலும் 29தான். கதையையும் விதிகளையும் கவனித்து ஆட்டத்தை நடத்துபவர் சிறிது நேரம் பேசவேயில்லை.

ஆனால் 500 பவுண்டு கொள்ளும் மாயப்பையின் சீட்டில் ஒரு முக்கிய விதி விடுபட்டிருக்கிறது. உள்ளே ஒளிபவர்களுக்கு மொத்தம் 10 நிமிடக் காற்றுதான் உண்டு. இருவர் புகுந்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம். காவலர்களை ஏமாற்றிக் கோட்டைக்குள் நுழையும் திட்டம் முழுவதும் அந்த ஐந்து நிமிடத்தை நம்பியிருந்ததால், அரைமணி நேரம் வாக்குவாதத்திலேயே கழிந்தது. எழுத்தும் மிகப் பொடியாக இருக்கிறது. ஓவியங்களைப் பற்றிக் குறையில்லை. விதிநூலை அருகில் வைத்துக்கொள்ளும் குழுக்கள் தயங்காமல் வாங்கலாம்.