சிறந்த பேட்டரை எத்தனையாவதாக இறக்குவது?

1972 ஆகஸ்ட். டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணி தடுமாறிக்கொண்டிருந்த நேரம். மேனேஜர் பில்லி மார்ட்டின் ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு தொப்பியில் போட்டு எடுத்தார். எந்த வரிசையில் சீட்டு வந்ததோ அதுதான் அன்றைய பேட்டிங் ஆர்டர். ஹோம் ரன் அடிக்கும், அதாவது பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடிக்கும் நார்ம் கேஷ் முதலில் இறங்கினார். பேட்டிங்கில் பெரிதாகச் சோபிக்காத எட் பிரிங்க்மன், அணியின் பெரிய அடிக்காரருக்கு ஒதுக்கப்படும் நான்காம் இடத்தில். டைகர்ஸ் ஜெயித்தது.

இதைச் சொல்லி, "பேஸ்பாலில் வரிசையெல்லாம் சும்மா" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஒரு ஆட்டத்துக்கு அது சரி. ஆனால் ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். சின்னச் சின்ன வித்தியாசம் அத்தனை நாளும் சேரும்போது என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டில் நிலைமையைப் பார்த்து அடுத்து யாரை அனுப்புவது என்று கேப்டன் முடிவு செய்யலாம். பேஸ்பாலில் அது நடக்காது. ஒன்பது பெயர்களை எழுதி ஆட்டத்துக்கு முன்பே அம்பயரிடம் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அதே வரிசைதான், ஒன்பதாவது ஆள் முடிந்ததும் மறுபடி முதல் ஆள் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். மாற்று ஆளை இறக்கலாம், ஆனால் வெளியே போனவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. வரிசை தப்பி ஒருவர் ஆடி, எதிரணி அதைக் கவனித்து முறையிட்டால் அவுட். அதனால் பேனா எடுத்து எழுதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் மேனேஜரின் யோசனை முழுவதும் இருக்கிறது. அதில் பெரிய கேள்வி ஒன்றுதான்: அணியின் ஆகச் சிறந்த பேட்டருக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஆகிய இடங்களில் எதைக் கொடுப்பது?

பழைய முறையின் பதில் தெளிவாக இருந்தது. முதல் ஆள் வேகமாக ஓடுபவர். இரண்டாவது ஆள் பந்தை எப்படியாவது தொட்டுவிடுபவர். பண்ட் வைத்து, அதாவது பந்தை மட்டையால் மெதுவாகத் தட்டிவிட்டு, முன்னால் இருப்பவரை ஒரு பேஸ் (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய நிலைகளில் ஒன்று) நகர்த்துவது அவர் வேலை. மூன்றாவது, எல்லாம் தெரிந்த முழுமையான பேட்டர். நான்காவது, தூக்கி அடிப்பவர். அவருக்குக் கிளீனப் என்று பெயர், பேஸ்களில் நிற்பவர்களை எல்லாம் ஒரே அடியில் துடைத்து வீட்டுக்கு, அதாவது ரன் கணக்கில் சேரும் கடைசி நிலைக்கு, அனுப்புகிறவர் என்று பொருள். நியூயார்க் யாங்கீஸ் அணி 1929இல் சட்டையில் எண் போட ஆரம்பித்தபோது பேட்டிங் வரிசைப்படியே கொடுத்தது. பேப் ரூத்தின் 3, லூ கெரிக்கின் 4 இரண்டும் அப்படி வந்தவைதான். மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இருந்த மரியாதை அந்தச் சட்டைகளிலேயே தைக்கப்பட்டிருந்தது.

புதிய முறை இந்த மரியாதையைக் கேள்வி கேட்கிறது. அதன் ஆயுதம் ஒரு எளிய வகுத்தல் கணக்கு. ஆட்டம் வரிசையின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் முடியலாம். முதல் ஆளோடு முடிந்தால் அவருக்கு இரண்டாமவரைவிட அன்றைக்கு ஒரு வாய்ப்பு கூடுதல். இப்படி ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு முறை நடக்கும் என்று வைத்துக்கொண்டால், 162ஐ ஒன்பதால் வகுக்க, 18. அதாவது ஓர் ஆளை ஒரு படி கீழே இறக்கினால் சீசனுக்குச் சுமார் 18 வாய்ப்புகள் போகும். நான்காம் இடத்திலிருப்பவர் முதல் இடத்தில் இருந்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடியவை 54. அத்தனையையும் தன் ஆகச் சிறந்த பேட்டரிடமிருந்து எடுத்து மற்றவர்களுக்குப் பங்கிடுவதற்கு ஒரு மேனேஜரிடம் நல்ல காரணம் இருக்க வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. முதல் இடத்தின் குறை அதுதான்: முன்னால் பேஸில் ஆள் இருக்கமாட்டார்கள். 2022 அக்டோபர் 4 அன்று டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் தன் 62ஆவது ஹோம் ரனை அடித்தார். மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அதுவரை ஒரு சீசனில் யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. அரங்கமே எழுந்து நின்றது, டக்அவுட்டிலிருந்து மொத்த அணியும் வெளியே ஓடி வந்தது. ஸ்கோர்போர்டில் ஏறியது ஒரே ரன். ஏனென்றால் சீசனில் பெரும்பாலும் இரண்டாவதாக ஆடிய ஜட்ஜை அந்தக் கடைசி நாட்களில் முதலில் இறக்கியிருந்தார்கள். ஆட்டத்தின் முதல் பேட்டர் அடிக்கும் ஹோம் ரன் எத்தனை தூரம் போனாலும் ஒரு ரன்தான். அடுத்த சுற்றுகளிலும் அவருக்கு முன்னால் ஆடுபவர்கள் எட்டாவது, ஒன்பதாவது ஆட்கள், அணியின் பலவீனமான கைகள்.

சரி, அப்படியானால் முதல் இடத்துக்கு யார்? இங்கே பழைய முறை தன் நாயகனையே தவறாகப் படித்தது என்பது என் எண்ணம். ரிக்கி ஹெண்டர்சன் என்றதும் எல்லோரும் திருடிய பேஸ்களைத்தான், யாரும் பந்தை அடிக்காமலே ஓடிப் பிடித்த பேஸ்களைத்தான் சொல்வார்கள்: 1,406, யாரும் நெருங்காத எண். ஆனால் அவர் வாழ்நாளில் வாங்கிய வாக், அதாவது நான்கு பந்துகள் தப்பாக வீசப்பட்டதால் இலவசமாகக் கிடைத்த முதல் பேஸ், 2,190. அவரைப் பெரிய லீட்ஆஃப், அதாவது முதலில் இறங்கும் பேட்டர் ஆக்கியது முதல் பேஸை எட்டும் திறமை. கால் அதற்குப் பிறகுதான். முதல் பேஸுக்கே வராத வேகக்காரரால் எதைத் திருட முடியும்? பல பத்தாண்டுகளாக எத்தனையோ அணிகள் ஓட மட்டும் தெரிந்தவர்களை முதலில் இறக்கி, அணியிலேயே அதிக வாய்ப்புகளை அவர்களிடம் கொடுத்தன. இதைவிடப் பெரிய வீணடிப்பு பேட்டிங் வரிசையில் எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸின் கைல் ஷ்வார்பர். 2023இல் அவருடைய பேட்டிங் சராசரி 0.197, அதாவது அடித்துப் பேஸ் ஏறியது பத்துக்கு இரண்டு முறைகூட இல்லை. கனத்த உடம்பு, ஓட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த சீசனில் பெரும்பாலும் அவர்தான் லீட்ஆஃப். பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் 126 வாக் சேர்த்துப் பார்த்தால் 0.343 விகிதத்தில் பேஸ் ஏறியிருக்கிறார். லீக் சராசரி அதற்குக் கீழே, 0.320. கூடவே 47 ஹோம் ரன். அடுத்த ஆண்டு, 2024இல், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஹோம் ரன்களாக மட்டும் 15 அடித்து ஒரு சீசனுக்கான சாதனை வைத்தார்.

மூன்றாம் இடத்தின் கதை இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அதன் குறை வெளியே தெரிவதில்லை. முதல் இரண்டு பேட்டர்களும் 100க்கு 34 முறை பேஸ் ஏறுபவர்கள் என்று வையுங்கள், நல்ல விகிதம்தான். இருவருமே அவுட் ஆக 0.66 பெருக்கல் 0.66, கிட்டத்தட்ட 100க்கு 44 வாய்ப்பு. அதாவது பத்தில் நான்கு ஆட்டங்களுக்கு மேல் உங்கள் மூன்றாம் ஆள் முதல் இன்னிங்ஸில் (மூன்று அவுட் ஆனால் அணியின் ஓர் இன்னிங்ஸ் முடியும், சமன் ஆகாவிட்டால் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) நடந்து வரும்போது இரண்டு அவுட், பேஸில் யாரும் இல்லை. அங்கே அவர் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸுக்குப் போனால்கூட அது ரன் ஆவது கடினம். நான்காவது ஆளுக்கு இந்தத் தொல்லை குறைவு. முதல் இன்னிங்ஸிலேயே அவர் முறை வந்தால், முன்னவர்களில் யாராவது ஒருவர் ஏதாவது செய்திருக்கிறார் என்று பொருள். மூவரும் அவுட் ஆனால் இரண்டாவது இன்னிங்ஸைப் புதிதாகத் தொடங்குவார். அதனால்தான் கணக்குப் போடுகிறவர்கள் முதல் இரண்டு இடங்களையும் நான்காம் இடத்தையும் பெரிதாகவும், மூன்றாம் இடத்தை அவற்றுக்கு ஒரு படி கீழாகவும் வைக்கிறார்கள்.

இரண்டாம் இடத்தில் பண்ட் வைப்பவரை நிறுத்தும் பழக்கமும் இதே கணக்கில் அடிபட்டுப்போனது. யாரும் அவுட் ஆகாமல் முதல் பேஸில் ஒருவர் நின்றால் அந்த இன்னிங்ஸில் சராசரியாக 0.9 ரன் பக்கம் எதிர்பார்க்கலாம். ஓர் அவுட்டைக் கொடுத்து அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினால் அது 0.7 பக்கம் இறங்கிவிடுகிறது. ஆளை முன்னே நகர்த்தி எதிர்பார்ப்பைப் பின்னே தள்ளுவதற்கு அணியின் இரண்டாவது பெரிய இடத்தைச் செலவழிப்பானேன்?

என்னைக் கேட்டால் ஆகச் சிறந்த பேட்டருக்கு இரண்டாம் இடம்தான். மூன்றாமவரைவிட 18 வாய்ப்பு கூடுதல், முன்னால் பேஸ் ஏறத் தெரிந்த ஒருவர், இரண்டு அவுட்டோடு வெறும் பேஸ்களுக்கு வந்து நிற்கும் கொடுமையும் முதல் இன்னிங்ஸில் இல்லை. 2014இல் மைக் ட்ரௌட், 2015இல் ஜாஷ் டொனால்ட்சன் என்று அமெரிக்கன் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அடுத்தடுத்து இரண்டாவதாக ஆடியவர்களுக்கே போனபோது, மேனேஜர்களுக்கும் துணிச்சல் வந்துவிட்டது.

நான்காம் இடத்துக்காகப் பேசுகிறவர்களின் வலுவான வாதம் காவல். பெரிய அடிக்காரர் பின்னால் நின்றால், முன்னவரை வாக் கொடுத்து அனுப்ப எதிரணி பயப்படும். 1961இல் ரோஜர் மேரிஸ் 61 ஹோம் ரன் அடித்தார்; அந்த ஆண்டு அவருக்கு வேண்டுமென்றே கொடுத்த வாக் ஒன்றுகூட இல்லை. அவருக்கு அடுத்து வந்தவர் மிக்கி மேன்டில். மறுபக்கம், 2004இல் பாரி பாண்ட்ஸுக்கு அப்படிக் கொடுத்தவை 120. ஆக, காவலால் வாக் எண்ணிக்கை மாறுகிறது. ஆனால் காவல் இருப்பதாலேயே முன்னவரின் அடி பெரிதாக மேம்படுகிறது என்பதற்குக் கணக்கில் வலுவான ஆதாரம் கிடைப்பதில்லை. ஜப்பானில் நான்காம் இடம் ஒரு பட்டம் மாதிரி. யோமியூரி ஜெயன்ட்ஸ் அணியில், தலைமுறை எண்ணுவது போல, இவர் இத்தனையாவது நான்காம் பேட்டர் என்று எண்ணி வருகிறார்கள். அந்த அணிக்கு ஆடி 868 ஹோம் ரன் அடித்த சதஹரு ஓ மூன்றாவதிலும், ஷிகெயோ நகஷிமா நான்காவதிலும் நின்ற அந்த ஜோடி காலத்தின் கௌரவம் அது. மரியாதையும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வரிசையின் வாலைப் பற்றியும் கொஞ்சம். பந்து வீசும் பிட்சரும் பேட் செய்தாக வேண்டிய காலத்தில் அவரைக் கடைசியில் தள்ளுவதுதான் வழக்கம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் மேனேஜர் டோனி லா ருஸா 1998இல் பிட்சரை எட்டாவதில் போட்டு, ஒன்பதாவதில் உண்மையான பேட்டர் ஒருவரை வைத்தார். அந்த ஆண்டு மூன்றாவதில் ஆடி 70 ஹோம் ரன் அடித்த மார்க் மக்வயருக்கு, இரண்டாம் சுற்றிலிருந்து பேஸில் ஆள் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்பதுதான் யோசனை. அன்று விசித்திரமாகத் தெரிந்தது. அமெரிக்கன் லீகில் 1973இலேயே பிட்சருக்குப் பதில் பேட் செய்யத் தனி ஆள் வந்துவிட்டார். 2022இலிருந்து நேஷனல் லீகிலும் அதுவே நிரந்தரம். ஒன்பதாவது ஆள் இன்று சுமாராகவாவது ஆடத் தெரிந்தவர். முதல் இடத்தின் பழைய குறை அதனால் பாதி குறைந்துவிட்டது. நல்ல அணியில் ஆகச் சிறந்த பேட்டரையே முதலில் இறக்கலாம் என்ற துணிவு இப்போது வந்ததற்கு இதுவும் காரணம்.

எதிரணிகளும் சும்மா இருக்கவில்லை. பலசாலிகள் எல்லாம் தலைப்பக்கம் குவிகிறார்கள் என்றால், அவர்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷலிஸ்டை முதல் இன்னிங்ஸில் அனுப்பினால் என்ன என்று டாம்பா பே ரேஸ் யோசித்தது. 2018 மே மாதம், வழக்கமாக ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வீசும் செர்ஜியோ ரோமோவைத் தொடக்கத்திலேயே வீசவைத்தார்கள். ஏஞ்சல்ஸ் அணியின் முதல் மூவரையும் அவர் ஸ்டிரைக்அவுட் செய்தார், அதாவது பந்தைச் சரியாக அடிக்கவிடாமலே வெளியேற்றினார். அதில் இரண்டாமவர் ட்ரௌட்.

இத்தனைக்கும் மொத்த லாபம் எவ்வளவு? ஓரளவு புத்தியோடு எழுதிய வரிசைக்கும் ஆகச் சிறந்த வரிசைக்கும் ஒரு சீசனில் பத்துப் பதினைந்து ரன் வித்தியாசம், அதாவது ஒன்றிரண்டு வெற்றி. குறைவுதான். ஆனால் ஒரே ஒரு வெற்றியில் அடுத்த சுற்றைத் தவறவிட்ட அணிகளை நான் பார்த்திருக்கிறேன். காசு செலவில்லாமல், யாரையும் விலைக்கு வாங்காமல், பேனாவால் மட்டும் கிடைக்கும் வெற்றி வேறு எது?

2024 ஜூன் 16இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் லீட்ஆஃப் மூக்கி பெட்ஸுக்குப் பந்து பட்டுக் கை உடைந்தது. மறுநாளிலிருந்து ஷோஹெய் ஒஹ்தானி முதலில் இறங்கினார். 54 ஹோம் ரன், திருடிய பேஸ் 59 என்று சீசன் முடிந்தது. பெட்ஸ் குணமாகித் திரும்பியபோதும் ஒஹ்தானி முதலிடத்திலேயே இருந்தார். பெட்ஸ் இரண்டாவது, ஃப்ரெடி ஃப்ரீமன் மூன்றாவது. இடது கை, வலது கை, இடது கை. சாம்பியன் யார் என்று முடிவாகும் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் இந்த மூவரும்தான் வந்து நின்றார்கள். பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3, டாட்ஜர்ஸ் 2, ஓர் அவுட், பேஸில் இருவர். இடது கை பேட்டருக்கு இடது கை பிட்சர்தான் கடினம் என்பதால், ஒஹ்தானிக்காக இடது கை பிட்சர் நெஸ்டர் கோர்டெஸைக் கொண்டுவந்தார்கள். முதல் பந்திலேயே கேட்ச். ஆனால் பிடித்த வேகத்தில் ஃபீல்டர் பார்வையாளர் பக்கம் விழுந்ததால் பேஸில் இருந்த இருவரும் ஒரு பேஸ் நகர்ந்தார்கள். முதல் பேஸ் காலி. வலது கைக்காரரான பெட்ஸை ஆடவிடாமல், பந்தே வீசாமல் வாக் கொடுத்து அனுப்பினார்கள், இடது கையான ஃப்ரீமன் வரட்டும் என்று. 2020இலிருந்து உள்ள விதிப்படி உள்ளே வந்த பிட்சர், இன்னிங்ஸ் முடியாதவரை, மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும். மனம் மாறினாலும் கோர்டெஸை அப்போது மாற்ற வழியில்லை. கணுக்கால் சுளுக்கோடு நின்ற ஃப்ரீமன் அடுத்த பந்தை வலது பக்க இருக்கைகளுக்குள் அனுப்பினார். நான்கு ரன். நான் மேலே ஒரு படி இறக்கிவைத்த அந்த மூன்றாம் இடம்தான். கோர்டெஸ் அன்று வீசியது மொத்தமே இரண்டு பந்துகள்.