அறுவை சிகிச்சை இல்லாத முதுகு வலி மருத்துவம்: சென்னையின் ஒரு பி.எம்.ஆர். பிரிவு குறித்த மதிப்புரை

முதுகு வலி என்று சொன்னவுடன் நம் ஊரில் எலும்பு மருத்துவரிடம் போகச் சொல்வார்கள், இல்லையேல் கட்டு வைத்தியரைக் கைகாட்டுவார்கள். பி.எம்.ஆர். (Physical Medicine and Rehabilitation) எனப்படும் உடலியக்க, மறுவாழ்வு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்று, முதுகெலும்பு, மூட்டு, தசை, நரம்பு வலிகளை அறுவை சிகிச்சையின்றிக் கவனிக்கும் பி.எம்.ஆர். மருத்துவர்கள் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பி.எம்.ஆர். பிரிவில் என் தாயார் பெற்ற சிகிச்சையை முன்வைத்து இதை எழுதுகிறேன்.

இத்துறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த பின்னரும், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவ முன்னோடி ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி இத்துறையை அங்கே கட்டியெழுப்பினார்; 1966-இல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையமும் உருவானது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் இயங்குகிறது.

என் தாயாருக்கு வயது அறுபத்து நான்கு. சர்க்கரை நோயும் உண்டு. இடுப்பில் தொடங்கி வலது காலின் வெளிப்புறமாக இறங்கி, பெருவிரல் வரை வலியும் மரத்துப்போதலும் இருந்தன. வேறொரு இடத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் பல மட்டங்களில் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு (டிஸ்க்) விலகியிருப்பதாக இருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிடலாம் என்றும் அங்கே சொன்னார்கள். அந்தப் பயத்தோடுதான் இங்கே வந்தோம்.

இந்த மருத்துவர் ஸ்கேன் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அம்மாவை எழுந்து நடக்கச் சொன்னார். குதிகாலால் சில அடிகள், பிறகு விரல் நுனியால் சில அடிகள். படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் ஒவ்வொரு காலாக மெல்ல உயர்த்தி, எந்தக் கோணத்தில் வலி காலுக்குள் பாய்கிறது என்று கேட்டார். பிறகு தம் கட்டைவிரலை அம்மாவின் கால் பெருவிரல் மேல் வைத்து, "இதைத் தள்ளிக்கிட்டு மேலே தூக்குங்கம்மா" என்று இரு பக்கமும் ஒப்பிட்டார். வலப்பக்கம் சற்றுத் தளர்ந்திருந்தது. இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையே இருக்கும் ஜவ்வு ஒரு நரம்பு வேரை அழுத்துகிறது என்றும், அறிக்கையில் உள்ள மற்ற விலகல்களுக்கும் இந்த வலிக்கும் தொடர்பில்லை என்றும் அதன் பிறகே படத்தைக் காட்டி விளக்கினார்.

இந்த விளக்கம் மிக முக்கியமானது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் ஜவ்வு புடைப்பு இருப்பதைக் காட்டியது. படத்தில் தெரிவதெல்லாம் நோயன்று. உடலைத் தொட்டுப் பார்த்த பின்னரே படத்துக்குப் பொருள் உண்டு. இந்த வரிசையைப் பின்பற்றும் மருத்துவரிடம் செல்வதற்கே பாதிப் பயன் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அறுவை சிகிச்சையை அவர் குறைத்துப் பேசவில்லை. சிறுநீர் அடைபட்டாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு குறைந்தாலோ, பாதம் தொங்கத் தொடங்கினாலோ, ஒரு நாளும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லி, அவற்றைத் தமிழில் கையால் எழுதிக் கொடுத்தார். அத்தகைய அறிகுறிகள் இல்லாதவரை பொறுத்திருப்பதில் நியாயம் உண்டு. நெதர்லாந்தில் கடுமையான சயாட்டிகா (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) தொல்லையால் வருந்திய 283 பேரைக் கொண்டு நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், உடனே அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கு, அறுவையின்றிக் காத்திருக்க ஒதுக்கப்பட்டவர்களைவிட வலி விரைவாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் அந்த ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டனர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வலி இரவுத் தூக்கத்தைக் கெடுத்ததால், நரம்பு வேரின் அருகே ஸ்டீராய்டு ஊசி போடுவது பற்றிப் பேசினார். இது காலுக்கு இறங்கும் வலியைச் சில வாரங்களோ மாதங்களோ தணிக்கக்கூடும், ஜவ்வைப் பழைய இடத்துக்குக் கொண்டுசெல்லாது, வெறும் இடுப்பு வலிக்கு இதனால் பெரிய பயனில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அரிதாகக் கடுமையான நரம்புப் பாதிப்பு நேரலாம் என்பதையும் மறைக்கவில்லை. சர்க்கரை நோயாளிக்கு ஊசிக்குப் பின் சில நாள்கள் சர்க்கரை ஏறும் என்பதால், அதற்கு முன்பே அம்மாவின் சர்க்கரை மருத்துவரிடம் கேட்டுவரச் சொன்னார். சி-ஆர்ம் எனப்படும் எக்ஸ்ரே கருவியில் பார்த்தபடி, சாய மருந்து செலுத்தி இடத்தை உறுதிசெய்த பிறகே ஊசி போடப்பட்டது. மாலையே வீடு திரும்பினோம்.

ஊசி தந்த இடைவெளியில்தான் உண்மையான வேலை தொடங்கியது. பிசியோதெரபிஸ்டிடம் பொதுவாக 'பயிற்சி' என்று எழுதி அனுப்பாமல், எந்தத் தசை, எத்தனை முறை, எப்போது கூட்ட வேண்டும் என்று மருத்துவரே குறித்துக் கொடுத்தார். தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவதை மேடைக்கு மாற்றவும், குனிந்து குடம் தூக்குவதைத் தற்காலிகமாக நிறுத்தவும், நடையை விடாதிருக்கவும் சொன்னார். நெடுநாள் பெல்ட் அணிய வேண்டாம் என்றார். ஒவ்வொரு முறை சென்றபோதும் அதே பெருவிரல் சோதனை நடந்தது; அதன் வலிமை மெல்லத் திரும்பியதை நாங்களும் கண்ணால் கண்டோம். இப்போது கால் வலி பெரும்பாலும் அடங்கிவிட்டது. நெடுநேரம் நின்றால் இடுப்பில் இறுக்கம் மட்டும் வருகிறது.

குறைகளும் உண்டு. முன்பதிவு செய்தும் காத்திருக்கும் நேரம் அதிகம். முதுகு வலிக்காரர்களை அமரவைக்கும் கூடத்தில் சாய்ந்துகொள்ள வசதியான நாற்காலிகள்கூட இல்லை. ஊசியின் மொத்தச் செலவை, மருந்தும் அறைக் கட்டணமும் சேர்த்து, முன்கூட்டியே ஒரே தாளில் தருவதில்லை. கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பயிற்சித் தாள் முழுதும் ஆங்கிலத்தில் இருந்ததால் படங்களின் கீழே நான் தமிழில் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அவசர அறிகுறிகளைத் தமிழில் எழுதித் தரும் அளவுக்கு அக்கறையுள்ள மருத்துவரின் பிரிவு, இந்தத் தாளையும் தமிழில் அச்சிட வேண்டும்.

செல்ல விரும்புவோர் ஒன்றைக் கவனியுங்கள். 'முதுகு வலி நிபுணர்' என்று பலகை மாட்டிய எல்லா இடங்களிலும் பி.எம்.ஆர். மருத்துவர் இருப்பதில்லை, பட்டத்தையும் மருத்துவக் கவுன்சில் பதிவையும் கேட்டுப் பாருங்கள், தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே ஊசித் தொகுப்புக்குப் பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய ஸ்கேன் படங்கள், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியல், குறிப்பாக இரத்தம் உறையாமைக்கான மாத்திரை இருந்தால் அதன் சீட்டு, இவற்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.