பழைய டெர்மினலைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய கணினி டெர்மினலையோ (பெரிய கணினியோடு இணைத்துப் பயன்படுத்தும் திரையும் கீபோர்டும்) மானிட்டரையோ சென்னை ரிச்சி தெருப் பக்கம் பழுதுபார்க்கக் கொடுக்க இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் பணம் போனது மட்டுமல்ல, பிக்சர் டியூபையும் கெடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

என்னிடம் இருப்பது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட விடி220 டெர்மினல். அப்பா வேலை பார்த்த கிண்டி அலுவலகத்தில் கழித்துக்கட்டியபோது அவர் வாங்கிவந்து பத்திரப்படுத்தியது. போட்டுப் பார்த்தால் திரையின் நடுவே பளிச்சென்று ஒரு படுக்கைக் கோடு, வேறொன்றும் இல்லை. ஆனால் இதன் பின்பக்கம் வீடியோ எடுக்க ஒரு பி.என்.சி. சாக்கெட் உண்டு. அதில் பழைய சிசிடிவி மானிட்டரை மாட்டியதும் ‘விடி220 ஓகே’ என்று தெளிவாக வந்தது. சீரியல் கேபிளில் லேப்டாப்போடு இணைத்தேன். 9600 பாட் வேகத்தில், அடித்த எழுத்தெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆக, கோளாறு திரைப் பகுதியில் மட்டும்தான். இதைத் தாளில் எழுதியே கடையில் கொடுத்தேன்.

கடைக்காரர் தாளைப் பிரிக்கவே இல்லை. “ஈ.எச்.டி. போய்விட்டது சார், மும்பையிலிருந்துதான் வரவேண்டும்” என்று 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். “கோடு தெரிகிறதே அண்ணா?” என்று கேட்டதற்கு, எத்தனையோ வருடமாக இதே தொழில்தான் செய்கிறேன் என்று வாயை அடைத்தார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். பிக்சர் டியூபுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் தருவது ஈ.எச்.டி. அது போயிருந்தால் திரை முழுக்க இருட்டாகத்தான் இருக்கும். கோடு அகலமாக விழுகிறது என்றால் அது வேலை செய்கிறது. திரையில் படம் வரையும் எலக்ட்ரான் கற்றையை மேலும் கீழும் அசைக்கும் வெர்டிகல் பகுதிதான் நின்றுபோயிருக்கிறது. ஒற்றைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஈ.எச்.டி.க்குப் பணம் கேட்பவருக்குத் தொழில் தெரியாது, அல்லது மனசாட்சி கிடையாது.

கடையில் போட்டுக் காட்டியபோது படம் வந்தது. வீட்டில் ஒரு மாலை ஓடியதும் பழையபடி கோடு. பல்லாவரத்தில் ஓய்வில் இருக்கும் ஒரு டி.வி. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பிக்சர் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் அதை முதலில் இறக்கிவிட்டுத்தான் அவர் உள்ளே கைவைத்தார். ஈ.எச்.டி. மீது பல வருடத் தூசி அப்படியே படிந்திருந்தது. அதன் கால்களில் தொழிற்சாலை ஈயம்கூடக் கலையவில்லை. கற்றையை அசைக்கும் சுருளான யோக்கின் சாக்கெட்டில் ஒரே ஒரு காலில் மட்டும், விரிசல் விட்ட பழைய ஈயத்தின் மேலேயே புது ஈயத்தை அப்பியிருந்தார்கள். சுற்றிலும் பிசின் மஞ்சளாக உறைந்து கிடந்தது. வெறும் டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு! பெரியவர் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார், இன்றுவரை படம் நிற்கிறது.

ஆனால் திரையின் நடுவே சூடு வைத்த தழும்பு போல ஒரு கருங்கோடு நிரந்தரமாகிவிட்டது. பிரைட்னஸைக் குறைக்காமல் கடையில் அந்த ஒற்றைக் கோட்டோடேயே ஓடவிட்டிருக்கிறார்கள். கற்றை ஒரே இடத்தில் விழுந்து, திரையின் உள்பக்கம் ஒளிரும் பாஸ்பர் பூச்சைத் தின்றுவிட்டது. கொடுப்பதற்கு முன் எடுத்த படங்களில் திரை சுத்தமாக இருக்கிறது. அவற்றைக் காட்டியும், பழைய சாமான் அப்படித்தான் இருக்கும் என்றார் கடைக்காரர். பணத்தைத் திருப்பித் தரவில்லை, ரசீதும் தரவில்லை. அப்பா அத்தனை வருடம் காத்த திரை அது. எனக்கு ஆறவே இல்லை.

பழுதுபார்க்கக் கொடுத்தால், கழற்றிய பழைய பாகம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் கொடுங்கள். ஒற்றைக் கோட்டோடு உங்கள் டெர்மினல் இப்போது ஏதாவது கடையில் இருந்தால், உடனே ஃபோன் போட்டு அதை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.